ஆண்டாளுக்கு மூன்று, காத்தவராயனுக்கு நான்கு

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் சாமான் ஏற்றுகிற வண்டிக்காரர்களில் பெண் என்று இருப்பது ஆண்டாள் ஒருத்திதான். வண்டிக்கு வருவதற்கு முன் அதே பேட்டையில், கோதண்டபாணியின் கம்பெனியில், பெட்டி கட்டுகிற வேலையில் இருந்தாள். சூளையிலிருந்து இறங்கிய விளக்கு, பொம்மை, ஊறுகாய் ஜாடி எல்லாவற்றையும் வைக்கோல் வைத்து அட்டைப்பெட்டியில் அடுக்கிக் கட்டி அனுப்ப வேண்டும். போன இடத்தில் சாமான் உடைந்திருந்தால் பழி பெட்டி கட்டினவர்கள் மேல்தான் விழும். டிரைவர் "எனக்கு இன்னா தெரியும்" என்று கையை விரித்துவிடுவான்.

ஒரு நாள் கடலூருக்குப் போகிற லோடோடு ஆண்டாளும் ஏறிக்கொண்டாள். அங்கே அக்காள் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டாளே தவிர, பார்க்கப் போனது வேறு. டிரைவர் முன்னால் போன பஸ்ஸை முந்துவதிலேயே குறியாக இருந்தான். வேகத்தடை வந்ததும் அவள் பார்த்துப் பார்த்துக் கட்டின பெட்டிகள் எழும்பி விழுந்தன. மறுநாள் வேலைக்கு வந்ததும் நேரே முதலாளியிடம் போனாள்.

"நெல்லு மூட்டைய ஏத்திக்கினு போற மாதிரி போறான் மொதலாளி. நாங்க எப்பிடிக் கட்டினாலும் ஒடையத்தான் செய்யும்."

கோதண்டபாணி கெட்ட மனிதர் இல்லை. அன்றைக்கு ஏதோ அவசரத்தில் இருந்தார். "அப்ப நீயே ஓட்டிக்கினு போயேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டார். சொன்னதை அவர் அப்போதே மறந்துவிட்டார். ஆண்டாள் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனாள்.

கம்மாபுரம் பக்கம் அவள் மாமனாருக்கு இருந்த நிலம் சுரங்கத்துக்குப் போனபோது கிடைத்த தொகையில்தான் குடும்பம் டவுனுக்கு வந்தது. ஊர் ஓரத்தில் மனை வாங்கி ஒரு வீடு கட்டிக்கொண்டார்கள். மிச்சம் இருந்ததைக் கொண்டு ஆண்டாள் ஒரு பழைய மூன்று சக்கர லோடு ஆட்டோவை வாங்கினாள். அதற்கு முன்பே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் எடுத்திருந்தாள். அங்கே கற்றது காரில், ஸ்டியரிங் பிடித்து. வாங்கியதோ சைக்கிள் மாதிரி இரண்டு பக்கமும் பிடித்துத் திருப்புகிற வண்டி. ஒரு வாரம் காலி வண்டியைப் பேட்டைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓட்டிப் பழகினாள். வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்துச் சலித்துப்போய் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அந்த வண்டிக்கு ஒரே ஒரு பிஸ்டன். லோடு ஏற்றினால் ரயில்வே மேம்பாலத்தில் ஏறுவதற்குள் பின்னால் வருகிறவர்கள் எல்லாரும் ஹாரன் அடித்துத் தீர்த்துவிடுவார்கள். ஆனால் செலவு வைக்காத வண்டி. கேபிள் அறுந்தால் கேபிள், பிரேக் தேய்ந்தால் பிரேக், அப்புறம் நேரத்துக்கு ஆயில், அவ்வளவுதான். ஜங்ஷன் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பழமலை, "இந்த வண்டிய நம்பியிருந்தா நான் பட்டினிதான் கெடக்கணும்க்கா" என்பான். முன்னால் இருப்பது ஒற்றைச் சக்கரம் என்பதால் பள்ளத்தை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டுத் தாண்டுகிற வசதி அதற்கு இல்லை. ஒரு பக்கம் ஒதுங்கினால் பின் சக்கரம் விழும், நேரே போனால் முன் சக்கரம் விழும். ஆண்டாள் அதற்குக் கண்ட வழி மெதுவாகப் போவது. பள்ளத்தில் விழுவது தெரியாமல் விழுந்து, தெரியாமல் ஏறிவிடுவாள். அவள் கொண்டு போன பெட்டிகளில் உடைசல் குறைந்தது. கோதண்டபாணி மட்டும் இல்லாமல் பக்கத்துக் கம்பெனிக்காரர்களும் அவளையே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அவள் புருஷன் காத்தவராயன் பேட்டையிலேயே வேறொரு கம்பெனியில் சூளை வேலை பார்த்தான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதுதான் தொழில். மூச்சு இழுப்பு வந்து, இனிமேல் அனலில் நிற்கக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு வேலையை விட்டான். கொஞ்ச நாள் வீட்டில் சும்மா இருந்தான். ஆண்டாள் வண்டியில் ஏறி இறங்கிச் சாமான் இறக்கக் கை கொடுத்தான். ஒரு நாள் காலையில் பெண்ணாடத்துக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினவன், சாயங்காலம் வாசலில் வந்து ஹாரன் அடித்தான். கரும்புக்காரர் ஒருவர் விதைக்கரணை ஏற்றுவதற்கு வைத்திருந்த பழைய குட்டி யானை, நாலு சக்கரச் சின்ன லோடு வண்டி. நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தான்.

ஆண்டாள் வாசலிலேயே நின்றாள்.

"வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"நீ மூணு சக்கரத்த வாங்கறப்ப என்னக் கேட்டியா?"

"கேட்டேனே. நீங்கதான் பாதிப் பேச்சுலயே தூங்கிட்டீங்க."

காத்தவராயன் சிரித்துவிட்டு வண்டியை எடுத்து எலுமிச்சம்பழங்களை நசுக்கினான். அன்றிலிருந்து அந்த வீட்டு வாசலில் இரண்டு வண்டிகள் நின்றன. சோறு போடும்போதும் அதே பேச்சு, படுக்கும்போதும் அதே பேச்சு. மேம்பாலத்தில் மூணாவது கியரிலேயே ஏறிவிடுகிறது என்பான் அவன். ரேடியேட்டரில் தண்ணீர் ஒழுகுவதைச் சொல்லுங்கள் என்பாள் அவள். "ஒரு தடவ பாத்துட்டா ஒரு வருசத்துக்குக் கவல இல்ல" என்பான். "பாக்கற அந்த ஒரு தடவயிலதான் ஒரு வருசச் சம்பாத்தியம் போவுது" என்பாள். டயர் மாற்றினால் அவளுக்கு மூன்று, அவனுக்கு நான்கு. பட்டை ஸ்பிரிங்கில் புஷ் தேய்ந்து கடகடவென்று சத்தம் வரும்போது, "உங்க வண்டி வர்றது சேத்தியாத்தோப்பு வரைக்கும் கேக்குது" என்று கேலி செய்வாள். இரண்டு பேருக்கும் லோடு கிடைத்துக்கொண்டிருந்ததால் கேலி கேலியாகவே இருந்தது.

சென்ற வருஷம் இரண்டு வண்டிக்கும் சேர்ந்தாற்போல் எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ், புதுப்பிக்க வேண்டி வந்தபோதுதான் நிலைமை மாறியது. பழைய வண்டியை எஃப்.சி.க்குக் கொண்டுபோவது என்றால் வெல்டிங், பெயிண்ட், டயர், விளக்கு என்று ஒன்றுவிடாமல் பார்க்க வேண்டும். இரண்டையும் பார்க்க வழியில்லை. ஒன்றை விற்று, அந்தக் காசில் மற்றதைச் சரிசெய்துகொள்ள வேண்டியதுதான். எதை விற்பது என்று கேட்கப் பழமலையிடம் போனார்கள். அவன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நான் ரெண்டுத்துக்கும் வைத்தியம் பாக்கறவன். எத வித்துடலாம்னு என் வாயால சொல்ல வெக்காதீங்க."

கார்த்திகைக்குப் பத்து நாள் இருக்கும்போது கோதண்டபாணிக்குச் சேத்தியாத்தோப்பிலிருந்து பீங்கான் விளக்குக்குப் பெரிய ஆர்டர் வந்தது. கேட்டவள் நீலாவதி. பஸ் நிற்கும் இடத்தருகே பாத்திரக்கடை வைத்திருப்பவள். வாரச்சந்தைக்கு முன்னால் சரக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டாள். ஒரே வண்டியில் கொள்ளாத சரக்கு. புருஷனும் பெண்டாட்டியுமாகப் பாதிப் பாதி எடுத்துப் போங்கள் என்றார் கோதண்டபாணி. பெட்டிகளை எல்லாம் ஆண்டாளே நின்று கட்ட வைத்தாள். ஒரே மாதிரிப் பெட்டி, ஒரே மாதிரி வைக்கோல்.

"இன்னைக்குத் தெரிஞ்சிரும்" என்றான் காத்தவராயன் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டே.

"தெரியட்டும்" என்றாள் ஆண்டாள்.

முந்தின இரவு பெய்த மழை காலையில் விட்டிருந்தது. கம்மாபுரம் தாண்டும் வரைக்கும் ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் ஒரு சிறு பாலத்தை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சாலையிலிருந்து வயல் பக்கமாக இறங்கி, மறுபடி சாலைக்கு ஏறுகிற மண்பாதைதான் மாற்றுவழி. முன்னால் போன வண்டிகள் களிமண்ணில் இரண்டு ஆழமான தடம் போட்டிருந்தன. இரண்டு தடத்துக்கும் நடுவில் சேறு வரப்பு மாதிரி குவிந்து கிடந்தது.

காத்தவராயன் முன்னால் போனான். இறங்குகிற இடத்தில் வண்டியின் பின்பக்கம் ஒரு தரம் வழுக்கித் திரும்பியது. அவன் ஆக்சிலேட்டரை விடாமல் தடத்துக்குள் சக்கரத்தைக் கொடுத்து ஒரே மூச்சில் மேட்டில் ஏறிவிட்டான். பின்னால் ஆண்டாள் இறங்கினாள். பின் சக்கரங்கள் இரண்டும் தடத்தில் சரியாக விழுந்தன. முன் சக்கரத்துக்குத் தடம் ஏது? அது நடுவில் குவிந்த சேற்றைக் கலப்பை மாதிரி உழுதுகொண்டு போய், மேடு தொடங்குகிற இடத்தில் புதைந்து நின்றது. அவள் கைப்பிடியைத் திருப்பினாள். சக்கரம் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. ஆக்சிலேட்டரைக் கொடுக்கக் கொடுக்கப் பின் சக்கரமும் சுற்றிச் சுற்றிக் குழி பறித்தது. எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினாள். செருப்பு சேற்றிலேயே நின்றுவிட்டது.

பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன. ஒரு மினி லாரிக்காரன், "இந்த வண்டிய எல்லாம் எதுக்கும்மா மழையில கொண்டாந்தீங்க" என்று சத்தம் போட்டான். காத்தவராயன் மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு நைலான் கயிற்றோடு இறங்கி வந்தான். ஒரு சிரிப்பாவது வரும் என்று ஆண்டாள் எதிர்பார்த்தாள். வரவில்லை. முழங்கால் சேற்றில் குனிந்து கயிற்றைக் கட்டினான். மூச்சு வாங்கியது.

"நேரா புடிச்சிக்கினு இரு. நான் இழுக்கறேன்."

குட்டி யானை இழுத்தது. இரண்டாவது இழுப்பில் ஆண்டாளின் வண்டி மேட்டுக்கு வந்தது. மீதி வழி முழுக்க அவள் முன்னால் போகிற வண்டியின் பின்பலகையையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள். அழுகை வரவில்லை. இத்தனை வருஷமாக, என் வண்டிக்குக் குறை ஒன்றும் இல்லை என்று தான் பேசிவந்ததெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது.

சேத்தியாத்தோப்பில் நீலாவதி பெட்டிகளைக் கடைக்குள் இறக்கி ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஆண்டாளின் பெட்டிகளில் அங்கொன்றும் இங்கொன்றும்தான் விளிம்பு உடைந்திருந்தது. சேற்றில் புதைந்து, கயிற்றில் கட்டி இழுபட்டு வந்த சரக்கு அது. காத்தவராயனின் முதல் பெட்டியைத் திறந்ததுமே நீலாவதி உதட்டைப் பிதுக்கினாள். அடியில் இருந்த வரிசை முழுக்கச் சில்லு சில்லாகக் கிடந்தது. அடுத்த பெட்டியும் ஏறக்குறைய அதே கதி.

"இன்னாண்ணே இது, தேங்கா ஒடைக்கிற மாதிரி ஒடச்சிக் கொண்டாந்திருக்கீங்க?"

காத்தவராயன் உடைந்த ஒரு விளக்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சூளையில் நின்றவன் என்பதால், அது நன்றாக வெந்த விளக்குதான் என்று அவனுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. மண்ணின் மேலோ நெருப்பின் மேலோ பழி போட வழியில்லை. உடைந்ததற்குப் பதில் அடுத்த வாரம் கொண்டுவந்து தருவதாக நீலாவதியிடம் சொல்லிவிட்டு இரண்டு பேரும் வெளியே வந்தார்கள்.

எதிரில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்தார்கள். இரண்டு பேரின் கால்களிலும் சேறு காய்ந்து வெள்ளையாகிவிட்டிருந்தது. முதலில் பேசியது ஆண்டாள்.

"என் வண்டி சேத்துல நின்னுடுச்சி. அது நெசம். மழக்காலத்துக்கு அது ஒதவாது."

காத்தவராயன் தலையாட்டினான்.

"மேம்பாலத்துல ஏறல, பள்ளத்துல தப்பிக்கல, வேகமும் இல்ல. அத வித்துடலாங்க."

அவன் நிமிர்ந்து பார்த்தான். ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பு முகத்தில் வருவதற்குள் அவள் மீதியையும் சொல்லிவிட்டாள்.

"ஆனா விளக்கு, பொம்ம எதுவா இருந்தாலும் உங்க வண்டிய நான்தான் ஓட்டுவேன்."

காத்தவராயன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "அப்ப நானு?"

அவன் எழுந்துபோய் வண்டியை எடுத்துக்கொண்டு அவளுக்குக் காத்திராமல் கிளம்பிவிட்டான். பாலத்து மண்பாதையில் மட்டும் அவளுக்காக நின்றான். அதற்குள் வெயிலில் பாதை இறுகியிருந்தது. அவள் வண்டி தானாகவே ஏறியதும் மறுபடி முன்னால் போய்விட்டான்.

அப்புறம் நாலைந்து நாள் வீட்டில் பேச்சு குறைந்துபோனது. சாப்பிடக் கூப்பிட்டால் வந்தான், கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். வண்டி தன் கையை விட்டுப் போகிறது என்பதை விட, இன்னொரு தரம் சும்மா உட்கார வேண்டியிருக்குமோ என்பதுதான் அவன் பயம். அவன் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குள் கிடந்த அந்த நாட்களை ஆண்டாளும் மறக்கவில்லை. சொன்னது தப்போ என்று அவளுக்கே தோன்றியது. ஆனால் அடியில் சில்லு சில்லாகக் கிடந்த வரிசையும் கண்முன் வந்தது.

நீலாவதிக்குப் பதில் சரக்கு கொண்டுபோக வேண்டிய நாளில் காத்தவராயன் தானாகவே சாவியை எடுத்து நீட்டினான்.

"நீ ஓட்டு. நான் பின்னால சாமானோட ஏறிக்கறேன். எப்பிடித்தான் ஒடையுதுன்னு பாக்கணும்."

ஸ்டியரிங் பிடித்துப் பல வருஷமாகிவிட்டது. முதல் வளைவிலேயே கைப்பிடியைத் திருப்புகிற பழக்கத்தில் போதாமல் திருப்பி, வண்டி வேலியோரம் போய் நின்றது. பின்னாலிருந்து, "ஸ்டியரிங்க சுத்தும்மா, சுத்து!" என்று அவன் கத்தினான். போகப் போகக் கை படிந்தது. அவள் வழக்கம் போலவே மெதுவாக ஓட்டினாள். பள்ளங்களை நடுவில் விட்டுத் தாண்ட முடிவது அவளுக்குப் பிடித்திருந்தது. கம்மாபுரம் போய்ச் சேர்ந்ததும் காத்தவராயன் பின்பலகையைத் தட்டி நிறுத்தச் சொன்னான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

"நீ மெதுவாத்தான் போற. ஆனாலும் குதிக்குது. நான் ஓட்டினதுனால மட்டும் ஒடையல ஆண்டாளு."

"பின்ன?"

"இது கரணை ஏத்தின வண்டி. ஸ்பிரிங்குல பட்டை சேத்துப் போட்டிருக்குறாங்க. நெறைய பாரம் ஏத்தினாத்தான் படியும். நாம ஏத்தறது வெளக்கு. பெட்டி பெருசு, கனம் இல்ல. அதான் காலி வண்டி மாதிரி குதிக்குது."

ஆண்டாளும் இறங்கி ஸ்பிரிங்கைக் குனிந்து பார்த்தாள். தன் ஓட்டத்தைத்தான் குறை சொல்லப் போகிறான் என்று தயாராக இருந்தாள். அன்றைக்கும் சில விளக்குகள் உடைந்தன. நீலாவதியிடம் கொடுத்துவிட்டுத் திரும்புகிற வழியில் காத்தவராயன் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டான். இரண்டு பேரும் விருத்தாசலம் வரும்வரை இதையேதான் பேசினார்கள். பழமலையிடம் போய்ச் சேர்த்துப் போட்ட பட்டையைக் கழற்றச் சொல்லலாம் என்றாள் அவள். கம்பெனிகளில் களிமண் லோடு ஏற்றக் கேட்கிறார்கள், அதற்கு அந்தப் பட்டை வேண்டும் என்றான் அவன். கடைசியில் வழி சொன்னவனும் அவன்தான். கம்பெனியில் களிமண் மூட்டைகள் அடுக்கிக் கிடக்கின்றன. அதில் சிலவற்றை வண்டியின் தளத்தில் பரப்பி, மேலே வைக்கோல் போட்டு, அதற்கு மேல் பெட்டிகளை ஏற்றினால் வண்டி படியும். மண்மூட்டை மெத்தை மாதிரியும் இருக்கும்.

அடுத்த லோடு சிதம்பரத்துக்கு. மூட்டைகளைப் பரப்பினது அவன், மேலே பெட்டி அடுக்கினது அவள், ஓட்டினதும் அவள். வண்டி மேம்பாலத்தில் கொஞ்சம் திணறியது. ஆனால் சிதம்பரத்துக் கடைக்காரர் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த வேலையைப் பார்க்கப் போனார். அது போதும் என்று இரண்டு பேருக்கும் பட்டது.

திரும்பி வரும்போது ஆண்டாள்தான் ஆரம்பித்தாள்.

"களிமண்ணு லோடு கேக்கறாங்கன்னு சொன்னீங்களே, அது தெனமும் இருக்குமா?"

"பேட்டையில அத்தன கம்பெனி இருக்குதே, இல்லாம எங்க போவும்? உன் வண்டியில ஏத்த முடியாதுன்னுதான் உன்னைய யாரும் கேக்கல."

"அத நீங்க ஓட்டுங்க. மண்ணு ஒடையாது. காலையில மண்ணு, மதியத்துக்கு மேல சாமான்."

காத்தவராயன் உடனே சரி என்று சொல்லவில்லை. சாமான் இல்லாத நாளில் முழு நாளும் வண்டி தனக்குத்தான் என்று பேசி முடித்துக்கொண்டான். டீசல் போடுகிற பொறுப்பு யாருக்கு என்பதில் கொஞ்சம் இழுபறி இருந்து, கடைசியில் யார் கடைசியாக ஓட்டுகிறார்களோ அவர்கள் போடுவது என்று முடிந்தது.

மூன்று சக்கர வண்டியை மாட்டுத்தீவனம் விற்கிற ஒருவர் வந்து வாங்கிக்கொண்டு போனார். ஸ்டார்ட் பண்ணுகிற விதத்தை ஆண்டாள் அவருக்கு இரண்டு தரம் காட்டினாள். மழையில் மண்பாதையில் இறக்காதீர்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். வண்டி தெருமுனை திரும்பியதும் வாசல் அகலமாகத் தெரிந்தது. அந்த இடத்தில் துணிக்கொடி கட்டிவிட்டாள். பழமலை குட்டி யானைக்கு ரேடியேட்டரை மாற்றி, புஷ்களை மாற்றி, பெயிண்ட் அடித்துக் கொடுத்தான். எஃப்.சி.யும் கிடைத்தது.

இப்போதும் அந்த வண்டி மாதத்துக்கு ஒரு தரமாவது ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறது. செலவு அவள் பயந்த அளவு இல்லை, அவன் சொன்ன அளவு குறைவாகவும் இல்லை. டிரைவர் சீட்டை முன்னால் இழுக்கிற கம்பி துருப்பிடித்து அசைவதில்லை. ஆண்டாளுக்குக் கால் எட்டாததால் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்துக்கொள்கிறாள். காத்தவராயன் ஓட்டும்போது அதைத் தூக்கிப் பின்னால் போடுவான். அது களிமண்ணில் விழுந்து அழுக்காகிவிடும். உறை துவைப்பது யார் என்ற சண்டை வாரத்துக்கு ஒரு தரம் நடக்கிறது.

போன தை மாதம் ஆண்டாள் தங்கச்சி மகள் கல்யாணத்துக்காகப் பெண்ணாடம் போயிருந்தாள். அன்றைக்குப் பார்த்து கோதண்டபாணி வீட்டுக்கே ஆள் அனுப்பினார். பொம்மை லோடு ஒன்று அவசரமாகப் புதுச்சேரிக்குப் போக வேண்டும், காத்தவராயனே எடுத்துக்கொண்டு போகட்டும், கூடவே கொஞ்சம் போட்டுத் தருகிறேன் என்று சொல்லச் சொல்லியிருந்தார். காத்தவராயன் அப்போதுதான் களிமண் இறக்கிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தான்.

"பொம்மையா? நாளைக்குக் காலையில அவ வந்துருவா. அவதான் ஓட்டணும்னு சொல்லிடுங்க" என்றான். அதற்குள்ளாகப் பெட்டிகளைக் கட்டி வைத்துவிடச் சொல்லி, தளத்தில் பரப்ப மண்மூட்டை எடுப்பதற்குச் சாவியோடு கிளம்பினான்.